நேற்று காட்டியது இன்று மறந்தால் நான் மக்கா?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு வயது 39. 2007-ல் பி.காம். முடித்தேன். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், மாமியாருக்குப் பக்கவாதம் என்று வீட்டோடு இருந்துவிட்டேன். பெரியவள் இந்த வருடம் ப்ளஸ் ஒன். செலவைச் சமாளிக்க முடியாமல், இரண்டு மாதமாக ஊரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்குப் போகிறேன். டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரும் ஜி.எஸ்.டி.யும் சொல்லித் தருகிறார்கள். எதுவும் மண்டையில் ஏறவில்லை. ஜி.எஸ்.டி. தளத்தில் வரும் 2பி-யையும் (சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியல்) எங்கள் பர்ச்சேஸ் பதிவையும் ஒத்துப் பார்க்க சீனியர் அக்கா காட்டும்போது புரிகிற மாதிரி இருக்கிறது. நோட்டில் எழுதியும் வைக்கிறேன். மறுநாள் தனியாக உட்கார்ந்தால், சப்ளையர் போட்ட பில் நம்பரும் நாங்கள் போட்ட நம்பரும் சேராத முதல் இடத்திலேயே நின்றுவிடுகிறேன். 'நேத்துதானே சொன்னேன்' என்கிறார். பக்கத்து சீட்டில் இருக்கும் 23 வயதுப் பெண் எனக்கு இரண்டு வாரம் முன்னால்தான் சேர்ந்தாள். அவள் தனியாகவே எல்லாம் செய்கிறாள். எட்டாவது படிக்கும்போது கணக்கு டீச்சர் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்து, 'இது மண்டையா, களிமண்ணா?' என்று கேட்டார். இன்றைக்கும் ஸ்கிரீனைப் பார்த்தால் அதுதான் கேட்கிறது. ராத்திரி பாத்திரம் கழுவும்போது அழுகை வருகிறது. வீட்டுக்காரர், 'கஷ்டமா இருந்தா விட்டுரு' என்கிறார். எனக்கு நிஜமாகவே மூளை கம்மியா? ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, குறைவாக வந்தால் வேலையை விட்டுவிடலாமா?

பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். 'பில் நம்பர் சேராத முதல் இடத்திலேயே நின்றுவிடுகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். எதுவுமே ஏறாத மண்டைக்கு, தான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரியாது. 'ஒண்ணும் புரியல' என்பதற்கு மேல் அதனால் சொல்ல முடியாது. நீங்கள் இடத்தைச் சரியாகத் தொட்டுக் காட்டுகிறீர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் ஐ.க்யூ. டெஸ்ட். வேண்டாம். உளவியலாளரான என் தொழிலில் அந்தச் சோதனைக்கு இடம் உண்டு. படிப்பில் திணறும் குழந்தைக்கு என்ன உதவி தேவை என்று பார்க்கவும், தலையில் அடிபட்டவருக்கு எந்தத் திறன் குறைந்திருக்கிறது என்று அறியவும் நானே செய்கிறேன். உங்கள் கேள்விக்கு அதில் பதில் கிடைக்காது. 'நான் மக்கு' என்ற பயத்தோடு உட்காருகிறவருக்கு அந்தப் பயமே மதிப்பெண்ணைக் குறைத்துவிடும். வந்த எண்ணை வைத்து நீங்கள் ஒரு வேலையை விடுவீர்கள். இன்றைய ஐ.க்யூ. சோதனைகளுக்கெல்லாம் முன்னோடியை 1905-ல் பாரிஸில் உருவாக்கியவர்கள் ஆல்ஃப்ரெட் பினே, தியோடர் சைமன் என்ற இருவர். பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காண்பதுதான் அதன் நோக்கம். அறிவு என்பது பிறக்கும்போதே அளந்து ஊற்றப்பட்டது, அதைக் கூட்டவே முடியாது என்று அன்றைக்குப் பேசியவர்களை பினே 1909-ல் கடுமையாக மறுத்து எழுதினார். அந்தச் சோதனையை வைத்து யாரும் தன்னைத்தானே களிமண் என்று முடிவு கட்டிக்கொள்வதை அவரே ஏற்றிருக்க மாட்டார்.

எல்லோருக்கும் ஒரே மூளைதான் என்று உங்களிடம் ஆறுதலுக்காகச் சொல்ல மாட்டேன். ஆளுக்கு ஆள் வேகமும் பிடிப்பும் மாறும். ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் அடுக்கியிருக்கும் சாட்சிகள், அதாவது மறுநாள் மறப்பது, பக்கத்து சீட்டுப் பெண் முந்துவது, தனியாக உட்கார்ந்தால் நின்றுவிடுவது, இவற்றில் ஒன்றுகூட மூளை குறைவைக் காட்டவில்லை. எல்லாமே வேலை புதுசு என்பதைக் காட்டுகின்றன. புதுசாக இருப்பதும் மக்காக இருப்பதும் உள்ளே இருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் வலிக்கும். அதனால்தான் குழம்பிப் போயிருக்கிறீர்கள்.

அந்த ஒரு பில்லையே எடுத்துக்கொள்வோம். சப்ளையரின் ஜி.எஸ்.டி. எண், பில் நம்பர், தேதி, சரக்கின் மதிப்பு, வெளிமாநிலம் என்றால் ஐ.ஜி.எஸ்.டி., உள்மாநிலம் என்றால் சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும். இது 2பி-யில் வந்திருக்கிறதா? வரவில்லை என்றால் அவர் இன்னும் தாக்கல் செய்யவில்லையா, அல்லது நம்பரை வேறு மாதிரி அடித்திருக்கிறாரா? இந்த பில்லில் கட்டிய வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாமா, கூடாதா? நடுவில் டேலியில் எந்தச் சாவி, எக்செலில் எந்தக் கட்டம், அக்கா எந்த வரிசையில் செய்தார் என்ற ஞாபகம் வேறு. இதெல்லாம் ஒரே சமயத்தில் கையில் நிற்க வேண்டும். மனிதனால் ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்துக்கொள்ள முடிவது ஏழு சொச்சம் என்று 1956-ல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 2001-ல் நெல்சன் கவன் என்ற ஆய்வாளர் அதையும் குறைத்து, சுமார் நான்கு என்றார். பெரிய படிப்பாளிக்கும் ஏறக்குறைய இதே அளவுதான். உங்களுக்கு முன்னால் இருப்பதோ பத்துப் பன்னிரண்டு. ஐந்தாவது உள்ளே வரும்போது முதலாவது வெளியே விழுகிறது. நீங்கள் நின்றுவிடும் அந்த இடம் அதுதான்.

அப்படியானால் சீனியர் அக்காவால் மட்டும் எப்படி முடிகிறது? என் பெரியம்மா ஒருவர் இருந்தார். மார்கழியில் எதிர்வீட்டு வாசலில் இருபத்தொரு புள்ளிச் சிக்குக் கோலத்தை ஒரு தடவை நின்று பார்ப்பார். வீட்டுக்கு வந்து அப்படியே போட்டுவிடுவார். எனக்கு அது நூற்றுக்கணக்கான வளைவு. அவருக்கு அது ஒரு முடிச்சு, நான்கு பக்கமும் திரும்பத் திரும்ப வருகிற ஒரே முடிச்சு. பெரியம்மாவுக்கு என்னைவிட ஞாபகசக்தி அதிகம் என்று சிறுவயதில் நம்பினேன். ஆனால் கடைக்கு எழுதிக் கொடுத்த சாமான் பட்டியலை அவரும் என்னைப் போலவேதான் மறப்பார். 1973-ல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் சதுரங்க வீரர்களிடம் கண்டதும் இதைத்தான். நிஜ ஆட்டத்தின் பலகையைச் சில விநாடி காட்டினால் தேர்ந்த வீரர் பெரும்பாலான காய்களை அதே இடத்தில் திருப்பி அடுக்கிவிடுகிறார், புதியவர் தடுமாறுகிறார். காய்களைத் தாறுமாறாக இறைத்துக் காட்டினால் தேர்ந்தவருக்கும் புதியவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பழகிய கண்ணுக்குப் பத்துப் பொருள் ஒரு பொருளாகிவிடுகிறது. உங்கள் அக்காவுக்கு அந்த பில் மொத்தமும் 'சப்ளையர் இன்னும் ஃபைல் பண்ணல' என்ற ஒரே ஒரு பொருள். மிச்ச மூன்று இடமும் அவருக்குக் காலியாக இருக்கிறது.

அவர் சொல்லித் தருவது விளங்காததற்கும் இதுதான் காரணம். அவர் மேல் தப்பில்லை. உங்கள் மகளுக்கு ரசம் வைக்கச் சொல்லிக் கொடுத்தபோது என்ன சொல்லியிருப்பீர்கள்? 'உப்பு திட்டமா போடு.' திட்டமா என்றால் எவ்வளவு என்று அவள் கேட்டிருப்பாள். உங்களுக்கே சொல்லத் தெரிந்திருக்காது, கைக்குத்தான் தெரியும். ஆபீஸில் இப்போது அந்த மகளின் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். 'இதை அப்படியே மேட்ச் பண்ணிடணும்' என்று அக்கா சொல்லும் ஒரு வாக்கியத்துக்குள் ஆறு ஏழு படிகள் ஒளிந்திருக்கின்றன. அவை அவர் கண்ணுக்கே தெரிவதில்லை.

சரி, அந்த டீச்சர். இருபத்தைந்து வருடம் ஆகியும் அந்தக் குரல் போகவில்லை என்பதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பதிமூன்று வயதுப் பிள்ளையைப் பெஞ்சு மேல் ஏற்றிக் கேட்கிற கேள்வியா அது? அது கேள்வியே இல்லை, அவமானம். அந்த அவமானம் இன்றைக்கும் உங்கள் வேலையைக் கெடுக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். கணக்கு என்றாலே பதறுகிற கல்லூரி மாணவர்களை மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் என்ற இருவர் ஆராய்ந்து 2001-ல் வெளியிட்டார்கள். எண்களோடு வேலை செய்யும்போது, அந்தப் பதற்றமே மனதில் பிடித்து வைத்துக்கொள்ளும் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் கண்டது. இருப்பதோ நான்கு இடம். அதில் ஒன்றில் 'களிமண்' உட்கார்ந்திருக்கிறது, இன்னொன்றில் 'அக்கா பார்க்கிறாங்களோ', மூன்றாவதில் 'பக்கத்தில் இருக்கிற பொண்ணு முடிச்சிட்டா'. பில்லுக்கு எத்தனை இடம் மிச்சம்? நீங்கள் தடுமாறுவதைப் பார்த்து அந்தக் குரல், 'பார்த்தியா, அன்னைக்கே சொன்னேன்ல' என்கிறது. தடுமாற வைத்ததில் பாதிப் பங்கு அதனுடையது.

அந்தக் குரலைத் துரத்த முயலாதீர்கள். துரத்துவதும் ஒரு வேலை, அதற்கும் இடம் வேண்டும். அது கேட்கும்போது பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் 'டீச்சர் வந்துட்டாங்க' என்று எழுதி, கவிழ்த்து வைத்துவிட்டு, கையில் இருக்கும் பில்லின் நம்பரை வாய்க்குள் மெல்லப் படியுங்கள். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு இது கைகொடுத்திருக்கிறது. முதல் வாரம் ஒரு நாளைக்குப் பத்துத் துண்டு சேரும். பரவாயில்லை.

அடுத்தது மறதி. ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எப்போது எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் கழன்றுவிட்டது. ஆகவே நேற்றுக் காட்டியது இன்று காணாமல் போவது மனித மூளையின் வழக்கம், உங்களுக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை. அவர் கண்ட இன்னொன்றுதான் உங்களுக்கு முக்கியம். சுத்தமாக மறந்துவிட்டது என்று நினைத்ததையும் மறுபடி படித்தபோது, முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே பிடித்தது. உள்ளே ஏதோ தங்கியிருந்தது, அவருக்கே தெரியாமல். அடுத்த தடவை அக்கா காட்டும்போது, 'மறந்துட்டேனே' என்பதைக் கவனிக்காமல், போன தடவையைவிடச் சீக்கிரம் பிடிபடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

உங்கள் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் செய்வது என்ன? அவர் காட்டும்போது எழுதுகிறீர்கள், அப்புறம் அதைப் படிக்கிறீர்கள். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். அங்கேதான் ஏமாந்துபோகிறோம். 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாணவர்களிடம் ஒரு சிறு பாடத்தைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவு அதையே நான்கு முறை படித்தது. இன்னொரு பிரிவு ஒரே முறை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து மூன்று முறை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் படித்துக்கொண்டே இருந்தவர்கள் முந்தினார்கள், 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தலைகீழ். படித்தவர்களிடம் 40 சதவீதம்தான் மிச்சம், மூடி வைத்து எழுதியவர்களிடம் 61.

அதனால் இப்படிச் செய்யுங்கள். அக்கா காட்டும்போது எழுதாமல் கண்ணால் மட்டும் பாருங்கள். அவர் எழுந்து போனதும் நோட்டைத் திறந்து, நினைவில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். ஓட்டை ஓட்டையாகத்தான் வரும். வரட்டும். தெரியாத இடத்தில் ஒரு கட்டம் போட்டுக் காலியாக விடுங்கள். அப்புறம் போய், அந்தக் கட்டத்தை மட்டும் கேளுங்கள். 'அக்கா, இன்னொரு தடவை சொல்லுங்க' என்று கேட்டால் அவருக்கு அரை மணி நேரம் போகும், எரிச்சல் வரும். 'நான் செய்றேன், இந்த மூணாவது இடத்துல மட்டும் நிக்குது, பார்த்துச் சொல்லுங்க' என்று கேட்டால் இரண்டு நிமிடம். யாரும் 'நேத்துதானே சொன்னேன்' என்று சொல்ல மாட்டார்கள். மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் போட்டதும், நோட்டைத் திறக்கும் முன், படிகளை ஒரு வெற்றுத்தாளில் எழுதிப் பாருங்கள். கஷ்டமாக இருக்கும். அந்தக் கஷ்டப்படும் நேரத்தில்தான் பாடம் உள்ளே இறங்குகிறது.

இன்னொன்று, உங்கள் தொழிலின் காலண்டர். இதை நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். 2பி 14-ஆம் தேதி வருகிறது. மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு, வரி கட்டும் 3பி படிவத்தின் கெடு 20. ஆபீஸே பரபரக்கிற அந்த ஆறு நாளில்தான் இந்த வேலை உங்கள் கைக்கு வருகிறது, அக்காவும் அப்போதுதான் சொல்லித் தருகிறார். கற்றுக்கொள்ள அதைவிட மோசமான வாரம் வேறு கிடையாது. அது மட்டுமில்லை. நீங்கள் சேர்ந்து இரண்டு மாதம், அதாவது 2பி-யின் இரண்டு சுற்றுத்தான் பார்த்திருக்கிறீர்கள். நடுவில் மூன்று வாரம் தொடாமலே போயிருக்கும். இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டு 'எனக்கு வராது' என்று தீர்ப்பு எழுதுகிறீர்கள். 20 தாண்டி ஆபீஸ் ஓய்ந்ததும், பத்துப் பதினைந்து பில் மட்டும் உள்ள ஒரு சின்ன வாடிக்கையாளரின் போன மாதத்து 2பி-யை அனுமதி கேட்டு எடுத்து, முதலிலிருந்து நீங்களே செய்து பாருங்கள். விடை ஏற்கெனவே இருக்கிறது, தப்பு செய்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. டேலியிலும் ஒரு பொய்க் கம்பெனி உருவாக்கி, உங்கள் வீட்டு மளிகை, கரன்ட் பில், பிள்ளைகள் ஃபீஸ் எல்லாவற்றையும் பதிவு போட்டுப் பழகலாம். தப்பு செய்ய உங்களுக்கு ஓர் இடம் வேண்டும். இப்போது நீங்கள் செய்யும் ஒவ்வொரு தப்பும் யாரோ ஒருவரின் நிஜக் கணக்கில் விழுகிறது, அப்புறம் கை நடுங்காமல் என்ன செய்யும்?

பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் வருவோம். நீங்கள் பி.காம். முடித்த 2007-ல்தான் தமிழ்நாட்டில் ஜி.எஸ்.டி.க்கு முந்தைய வாட் வரியே வந்தது. ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலை 1. அந்த 2பி 2020-ல் வந்தது. அவள் கல்லூரிக்குள் நுழையும்போதே ஜி.எஸ்.டி. பழைய சங்கதி. நீங்கள் இரண்டு மாதமாகப் பார்ப்பதை அவள் வருடக் கணக்கில் கேட்டு வந்திருக்கிறாள். புதிதாக ஒன்றைச் சட்டென்று பிடிக்கும் வேகம் இருபதுகளுக்குப் பிறகு மெல்லக் குறையும் என்பதும் உண்மைதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் சொல்வளம், உலக அனுபவம் இவையெல்லாம் நாற்பதிலும் ஐம்பதிலும் வளர்ந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் அவளிடமே கேளுங்கள், 'நீ முதல்ல எங்க மாட்டிக்கிட்ட?' என்று. அவள் மாட்டிக்கொண்டது சமீபத்தில்தான், அதனால் ஒளிந்திருக்கும் படிகள் அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். சொல்லித் தர அக்காவைவிட அவளே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

உடம்பையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ரத்தசோகையும் தைராய்டு குறைவும் சோர்வு, மந்தம், மறதி எல்லாவற்றையும் கொண்டுவரும். ஹீமோகுளோபினும், தைராய்டுக்கான டி.எஸ்.எச்.சும் பார்த்துவிடுங்கள். மாமியாருக்கு ராத்திரி எழுந்து பார்க்கிறவர் நீங்கள்தான் என்றால், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்றும் கணக்குப் போடுங்கள். தூக்கம் கெட்டால் அன்றைக்குக் கற்றது ஒட்டாது. வாரத்தில் மூன்று ராத்திரியாவது வீட்டுக்காரர் எழுந்துகொள்ளட்டும். 'விட்டுரு' என்று அவர் அக்கறையில்தான் சொல்கிறார், அந்த அக்கறைக்கு இது நல்ல வேலை. பாத்திரம் கழுவும்போது வருகிற அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் தொடர்ந்தாலோ, பசியும் தூக்கமும் போய் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, தாமதிக்காமல் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அதற்கும் புத்திக்கும் சம்பந்தமில்லை, அது வைத்தியத்தில் சரியாகிற விஷயம்.

வேலையை விடலாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம். இன்னும் நான்கு 2பி பாருங்கள், மொத்தம் ஆறு சுற்று ஆகட்டும். ஒவ்வொரு மாதமும் 20-ஆம் தேதி சாயங்காலம், அக்காவிடம் எத்தனை தடவை கேட்க வேண்டியிருந்தது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எண்ணி எழுதுங்கள். அந்த எண் குறையவே இல்லை என்றால் எனக்குத் திரும்ப எழுதுங்கள், வேறு என்ன பார்க்கலாம் என்று சேர்ந்து யோசிப்போம். குறைந்திருந்தாலும் எழுதுங்கள். எந்த மாதம் என்ன எண் என்று அப்படியே போட்டு அனுப்புங்கள், நான் பார்க்க வேண்டும்.